நீட் மதிப்பெண் குறைந்தால் புற்றுநோய் ஆய்வுக்கு வழி அடைபடாது

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு நீட்டில் போதிய மதிப்பெண் வரவில்லை. எலும்புப் புற்றுநோயில் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், ஆனால் தாமதமாகத்தான் போடும்.

அவளுடைய ஆசையை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்குத்தான், அதுவும் முழங்காலை ஒட்டிய எலும்பில் வருகிறது. நம் உடலின் செல்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. எது எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் ஒரு செல்லை எலும்பாகவும் இன்னொன்றைத் தோலாகவும் ஆக்குகிறது. செல் பெருக்கத்துக்குத் தடை போடும் டிபி53, ஆர்பி1 மரபணுக்கள் இந்த நோயாளிகள் பலரிடம் பழுதாகியிருக்கின்றன. அதனால் முதிர்ந்து அடங்க வேண்டிய செல் பெருகிக்கொண்டே போகிறது. நுரையீரலுக்குப் பரவிய செல்களில், மரபணுக்களைத் தூண்டிவிடும் டிஎன்ஏ பகுதிகளின் இயக்கமே மாறியிருப்பதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் தூண்டலை அடக்கியபோது எலிகளில் நோய் பரவுவது குறைந்தது.

சிகிச்சையோ, அறுவையும் 1980களில் நிலைபெற்ற கீமோதெரபி மருந்துகளுமாகவே பெரும்பாலும் நிற்கிறது. நுரையீரலுக்குப் பரவிவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றுவது இன்றும் கடினம். இந்தத் துறைக்கு ஆட்கள் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இதற்கு எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை. உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், விலங்கியல் எதில் பட்டம் பெற்றாலும் நுழையலாம். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரி போதும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். முதுகலைக்கு ஜாம், காட்-பி நுழைவுத் தேர்வுகள் உண்டு. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை இருக்கிறது; கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியைப் பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் பிஎச்.டி. செய்யலாம்.

இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, பிஎச்.டி. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். இடையில் வருமானம் அவசியமானால், முதுகலை முடித்ததும் மரபணுப் பரிசோதனைக் கூடங்களிலோ ஆய்வுத் திட்டங்களிலோ வேலை தேடலாம். சம்பளம் தொடக்கத்தில் சுமார்தான். வீட்டில் தம்பியின் படிப்பும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கணக்கை அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

பிளஸ் டூவில் படித்த கணிதத்தை மட்டும் அவள் கைவிடக் கூடாது. இன்றைய மரபணு ஆய்வில் பாதி வேலை கணினியில்தான் நடக்கிறது. புள்ளியியலும் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்தவர்களை ஆய்வுக்கூடங்கள் தேடிப் பிடிக்கின்றன.

கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் முன்பணம் கட்ட வேண்டாம். ஒருவேளை அப்படி ஓர் இடத்தைப் பார்க்கப் போனால், ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டிஎன்ஏவைப் பல மடங்கு படியெடுக்கும் பிசிஆர் கருவியை மாணவர்கள் தங்கள் கையால் இயக்குகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.