பழைய குவாலிஸ், சுமோ, பொலேரோ: வேலூர் பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்டவை

சத்துவாச்சாரியில் இருபது வருடமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, என்னுடையது 2003 குவாலிஸ். ஹைவேயில் நன்றாக ஓடுகிறது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஏசி போட்டபடி ஐந்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போய்விட்டது, இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

இப்போதே இறக்காதீர்கள் தம்பி. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்கணும். நிற்கும்போது மட்டும் சூடு ஏறுகிறது என்றால் சந்தேகம் முதலில் ஃபேன் கிளட்ச் மேல்தான், அதாவது இன்ஜின் சூடானதும் ஃபேனைப் பிடித்துச் சுற்ற வைக்கும் பாகம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றி உடனே நிற்கணும். காற்றாடி மாதிரி நாலைந்து சுற்று ஓடினால் உள்ளே இருக்கும் சிலிக்கான் ஆயில் போய்விட்டது. அப்புறம் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் அடைந்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னால் வருகிற மாதிரி தண்ணீரை மெதுவாக அடிக்கணும். வேகமாக அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும்.

இதற்கு நேர்மாறாக, 80-ல் போகும்போது முள் ஏறினால் ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம். நம் ஊர் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. அதையே வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் குழாயெல்லாம் என்ன ஆகும்? கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்குத் தக்கபடி கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது பழுதென்றால் புதிது போடுங்கள்.

கேஸ்கெட் போனதற்கு அடையாளம் வேறு. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வரும். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறலாம். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். இதில் ஒன்றுமே இல்லாமல் ஹெட்டைக் கழற்றுவது வீண் செலவு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முள் சிவப்புக்குப் போனால் ஓரம் கட்டி ஆஃப் செய்துவிட்டு முக்கால் மணி நேரம் பொறுங்கள். வாணியம்பாடி தாண்டி ஒரு மே மாத மதியம், அவசரத்தில் கொதிக்கிற இன்ஜினில் நானே பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். ஹெட்டில் விரிசல் விழுந்துவிட்டது. குவாலிஸ் ஹெட்டும் அதைத் தாங்காது.

காட்பாடியிலிருந்து: 2002 சுமோ சார். மார்கழியில் காலையில் பத்து தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, வெள்ளைப் புகை வருகிறது. மதியம் பிரச்சினை இல்லை.

ஹீட்டர் பிளக் சார், குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜினுக்குள் சூடு தருவது. நாலில் இரண்டு போயிருந்தாலே இப்படித்தான் செய்யும். முதலில் பிளக்குக்கு கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ரிலே போயிருந்தாலும் இதே கதைதான். டீசலை ஏற்றும் கை பம்ப்பை அமுக்கினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் மட்டும் டீசல் லைனில் காற்று பிடிக்கிறது. ஃபில்டர் வாஷரையும் ஹோஸையும் மாற்றுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: ஏலகிரியிலிருந்து பொலேரோவில் இறங்கும்போது பிரேக் கருகின வாசனை வந்தது. கடைசி வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டியில் குழந்தைகளும் இருந்தார்கள், பயந்துவிட்டேன்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றணும், மேலே ஊற்றி நிரப்புவது போதாது. இந்த முறை பேடையும் பின் டிரம்மையும் கழற்றிப் பார்க்காமல் மலைக்குப் போகாதீர்கள். அங்கே 14 கொண்டை ஊசி வளைவு. ஏறின கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், அழுத்தி வேகம் குறைந்ததும் விட்டுவிடணும். டீசல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் செய்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஃப் செய்தால், பெடலை இலேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

ஆற்காட்டிலிருந்து: செகண்ட் ஹேண்ட் சஃபாரி வாங்கினேன். 80 தாண்டினால் ஸ்டீயரிங் ஆடுகிறது.

முதலில் வீல் பேலன்சிங். பிரேக் அழுத்தும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்கள். டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் அந்த வயது டயரில் நான் ஹைவே போகமாட்டேன்.

மறுபடியும் குடியாத்தத்திலிருந்து: ஃபேனைச் சுற்றிப் பார்த்தேன் அண்ணா, நிற்காமல் சுற்றுகிறது. குமிழி ஒன்றும் வரவில்லை.

நல்லது, ஹெட்டைத் தொட வேண்டாம். ஃபேன் கிளட்ச் மாற்றுங்கள், கூடவே ரேடியேட்டர் மூடியும். மாற்றின பிறகு ஏசி போட்டு வீட்டு வாசலிலேயே இருபது நிமிடம் ஐடிலில் நிறுத்திப் பாருங்கள். முள் நடுவிலேயே நின்றால் அப்புறம் டோல்கேட் பக்கம் போகலாம்.