"அவர் அப்படித்தான் பழகுவார்!"

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவி. அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர்கள் சேர்ந்து புதுச்சேரியில் ஒரு மண்டபத்தில் நடத்திய நிகழ்ச்சிக்கு, பிடித்த கதாபாத்திரம் மாதிரியே உடுத்தும் காஸ்பிளே வேடம் போட்டுப் போயிருந்தேன். குழுவில் சீனியர் ஒருவர் போட்டோ எடுக்கும் சாக்கில் இடுப்பில் கை வைத்தார், நான் தள்ளிப்போயும் கையை எடுக்கவில்லை. அட்மினிடம் சொன்னால், "அவர் எல்லாரிடமும் அப்படித்தான் பழகுவார், இதைப் பெரிசாக்காதே" என்கிறார். குழுவை விட்டு விலகிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீ ஏன் விலக வேண்டும், தங்கச்சி? வெளியே போக வேண்டியவர் அந்த சீனியர். "எல்லாரிடமும் அப்படித்தான்" என்றால், உனக்கு முன்னால் வேறு பெண்களும் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தெரிந்தேதான் அட்மின் அவரைக் கூட வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? எனக்கு அந்த அட்மின் மேல்தான் கோபம் அதிகம். தொட்டவர் ஒருவர்தான், ஆனால் அவருக்கு அடுத்த நிகழ்ச்சியிலும் இடம் கொடுப்பது இவர்கள்.

வேடம் போட்டு வந்தாய் என்பதற்காக யாரும் உன்னைத் தொடலாம் என்று ஆகிவிடாது. காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் நியூயார்க் காமிக் கான் விழாவில் 2014-லேயே 'காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல' என்று பலகை வைத்துவிட்டார்கள்.

முதலில் தேதி, இடம், என்ன நடந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வை. அட்மினோடு பேசிய சாட்டை அழித்துவிடாதே, ஸ்கிரீன்ஷாட் எடு. அப்புறம் நிகழ்ச்சி நடத்தியவர்கள் எல்லாருக்கும் எழுத்தில் அனுப்பு: அந்த ஆளை இனி உள்ளே விடக்கூடாது, புகார் கேட்க ஒரு பெண் பொறுப்பாளர் வேண்டும், விதிமுறையை வாசலிலேயே ஒட்ட வேண்டும். வாயால் சொன்னால் "அப்படி யாரும் சொல்லவே இல்லையே" என்று பிறகு கைகழுவிவிடுவார்கள்.

போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது உன் முடிவு, யாரும் உன்னை அவசரப்படுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது. விருப்பமில்லாமல் இப்படித் தொடுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 75-ஆம் பிரிவில் பாலியல் தொல்லை, மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. (உனக்கு 18 வயது ஆகவில்லை என்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே வரும்.) நடந்தது புதுச்சேரி, நீ இருப்பது தமிழ்நாடு என்று குழம்பாதே. கடலூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம், எந்த எல்லையில் நடந்தாலும் பதிவு செய்யும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போட்டு புதுச்சேரிக்கு அனுப்புவார்கள். "எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்பக்கூடாது. போகும்போது அன்றைக்குக் கூட இருந்த தோழியையும் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 181-க்குக் கூப்பிடு, மகளிர் உதவி எண் அது.