நாயும் ஊசியும் கொஞ்சம் மலையும்

என் வீட்டு நாய் மிளகு உதிர்த்த முடியிலேயே அவளைப் பொம்மையாகச் செய்து போன இதழில் படம் போட்டேன், அதுதான் வினை. பெங்களூரின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள். பாதிப் பேருக்கு பொம்மை செய்யத் தெரிய வேண்டும், மீதிப் பேருக்கு நாயைக் கூட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே வேலைதான், அதனால் கலந்துகட்டியே பதில் சொல்கிறேன். ஞாயிறு காலை நடந்துவிட்டு வந்து, மதியம் மொட்டை மாடியில் மிளகை உட்கார வைத்துச் சீவினால் ஒரு டப்பாவில் உண்ணி, இன்னொரு டப்பாவில் முடி.

எங்கள் கோல்டன் ரெட்ரீவர் உதிர்க்கும் முடியை ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறேன். "வீட்டில் குப்பை சேர்க்கிறாயா" என்கிறார் மாமியார். இதில் நிஜமாகவே பொம்மை செய்ய முடியுமா? தையல் ஊசி போதுமா?
– வாசகி, அல்சூர்

முடியும், ஆனால் தையல் ஊசி உதவாது. கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி உருவம் செய்வதற்கு நீடில் ஃபெல்ட்டிங் என்று பெயர், அதற்கான ஊசிக்குக் காதே கிடையாது. தண்டு பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும், அதன் ஓரங்களில் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்குச் சின்னச் சின்ன வெட்டுகள். குத்தும்போது அந்த வெட்டு மேலே உள்ள இழையைப் பிடித்து உள்ளே தள்ளும், ஊசியை உருவும்போது இழை உள்ளேயே தங்கிவிடும். ஆட்டுக் கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருப்பதால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்பி வராது. இப்படியே ஆயிரக்கணக்கில் குத்தக் குத்த, பஞ்சு மாதிரி இருந்தது இறுகி உருவமாகிவிடும். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். ஆலைகளில் ஃபெல்ட் துணி செய்யும் இயந்திரத்தின் ஊசிதான் இது. அதைக் கையில் பிடித்து உருவம் செய்யலாம் என்று 1980-களில் கைவினையாகக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டான்வுட் தம்பதி.

ஊசிக்கு எண் உண்டு, எண் ஏற ஏற ஊசி மெலியும். 36 முரட்டு வேலைக்கு, 38 எல்லாவற்றுக்கும், 40 மூக்கு, கண்ணிமை மாதிரி நுணுக்கத்துக்கு. முதலில் 38-இல் நாலு வாங்கினால் போதும், ஏனென்றால் இரண்டை முதல் வாரமே உடைப்பீர்கள். எந்தச் சாய்வில் குத்தினீர்களோ அதே சாய்வில் வெளியே எடுங்கள், உள்ளே விட்டு நெம்பினால் டக்கென்று முறியும்.

இனி உங்கள் பைக்கு வருவோம். நாய் முடியின் செதில் கம்பளியைவிடப் படிந்து, வழவழப்பாக இருக்கும். அது மட்டுமே வைத்துக் குத்தினால் இறுகுவதற்குள் உங்கள் தோள்பட்டை போய்விடும். அதனால் உடம்பை ஆட்டுக் கம்பளியில் செய்துகொண்டு மேல்தோலாக மட்டும் நாய் முடியைப் போர்த்துங்கள், அல்லது பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். பையில் இருப்பதில் மிருதுவான உள்முடி மட்டும்தான் தேறும். நீளமான மேல்முடியைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொம்மை முள்ளம்பன்றி மாதிரி நிற்கும்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை: வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து வலைப்பையோடு ஊறப் போடுங்கள், கசக்கவே கூடாது. சூடும் கசக்கலும் சேர்ந்தால் சிக்குப் பிடித்து ஒரே கட்டியாகிவிடும். நிழலில் காய வையுங்கள். கழுவிக் காய்ந்த முடி நாற்றம் அடிக்காது. அதை மாமியார் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள்.

மெரினோ கம்பளி விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இலவம் பஞ்சு, தலையணைப் பஞ்சு எல்லாம் ஆகாதா?
– வாசகர், சிவாஜிநகர்

இலவம் பஞ்சு வழுக்கிக்கொண்டு ஓடும், விட்டுவிடுங்கள். பருத்தியும் சரிப்படாது. பாலியஸ்டர் தலையணைப் பஞ்சு ஓரளவு இறுகும், உள்ளே நிரப்ப வைத்துக்கொள்ளலாம். ஆனால் மெரினோதான் வேண்டும் என்று யார் சொன்னது? மெரினோ மிக மெல்லிய இழை, கழுத்தில் சுற்றும் சால்வைக்கு அருமை, பொம்மைக்கு அது மெதுவாகத்தான் இறுகும். கரடுமுரடான கம்பளி சட்டென்று பிடித்துக்கொள்ளும். கர்நாடகத்தில் குருபர் சமூகத்து ஆட்டிடையர்கள் வளர்க்கும் தக்காண ஆட்டின் கம்பளி அப்படிப்பட்டது, கம்பளிப் போர்வை நெய்வது இதில்தான். கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று இயற்கையாகவே நாய் நிறத்தில் கிடைக்கிறது, சாயமும் வேண்டாம். நகரத்தைத் தாண்டி நடக்கப் போகும்போது மந்தையைப் பார்த்தால் ரோமம் கத்தரிப்பது எப்போது என்று கேட்டு வையுங்கள். எனக்கு ஒரு பெரியவர் ஒரு கோணி நிறையக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். நாய் பொம்மைக்கு என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதில் இருந்த முள்ளையும் சாணியையும் எடுக்க எனக்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று.

என் நாயை சாவனதுர்கா கூட்டிப் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ராமநகரமும் பட்டியலில் இருக்கிறது. எப்படித் தயாராவது?
– ஐடி ஊழியர், ஒயிட்ஃபீல்டு

என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012-இல் பாறு கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கே நாய்க்கு என்ன வேலை? பன்னேர்கட்டா தேசியப் பூங்காவும் அப்படித்தான். சாவனதுர்கா கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர் உயரம், ஏறுவது பெரும்பாலும் மொட்டைக் கருங்கல் சரிவில். நமக்கு ஷூ பிடிக்கும், நாய்க்கு நகம் வழுக்கும். சுற்றிலும் சிறுத்தை நடமாட்டம் உள்ள காடு. சிறுத்தைக்கு நாய் என்றால் அல்வா மாதிரி. நம் ஊர் ஓரத்து துரஹள்ளி காட்டுப் பக்கமே சிறுத்தை தென்பட்டிருக்கிறது, அதனால் இருட்டோடு கிளம்பி சூரிய உதயம் பார்க்கும் ஆசையை நாய் இல்லாத நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கருங்கல்லைப் பற்றி நான் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், கோலார் பக்கம் ஒரு பாறைக் குன்றில் மிளகோடு ஏறி, இறங்கும்போது மணி பத்தரை. வெயில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மிளகு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். அடம் என்று நினைத்து இழுத்தேன். கீழே வந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் தோல் உரிந்து சிவந்திருந்தது. பத்து நாள் கட்டுப் போட்டோம், இன்றும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. இப்போது புறங்கையைப் பாறையில் ஏழு நொடி வைத்துப் பார்க்கிறேன், என் கை தாங்காவிட்டால் அவள் காலும் தாங்காது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஈறு கடும் சிவப்பாவது, கெட்டியாக எச்சில் வழிவது, தள்ளாடுவது, இதில் எது தெரிந்தாலும் நடையை நிறுத்துங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறியபடியே டாக்டரிடம் ஓடுங்கள். நாயின் இயல்பான சூடு 38-இலிருந்து 39 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாயாக இருந்தால் குன்றையே மறந்துவிடுங்கள்.

எங்கேதான் போவது என்றால், ஏரிக்கரை, தோட்டத்து வண்டிப்பாதை, ஊர்க்காரர் அனுமதித்த குன்றின் அடிவாரம். காலை ஆறுக்கு மேல் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். லீஷைக் கழற்றவே வேண்டாம். சாதுவான நாய்கூட ஆட்டு மந்தையைக் கண்டால் வேறு பிறவி ஆகிவிடும், மந்தையின் காவல் நாயும் சும்மா இருக்காது.

போன வாரம் நாயோடு ட்ரெக்கிங் போய் வந்தோம். மூன்றாம் நாள் சோர்ந்து படுத்துவிட்டது, காதுக்குள் உண்ணி. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார் பாட்டி. தடவலாமா?
– வாசகி, விவேக் நகர்

பாட்டிக்கு வணக்கம், ஆனால் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். மெல்லிய முனையுள்ள ட்வீசரால் தோலை ஒட்டி உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

ஆனால் என் கவலை அந்தச் சோர்வைப் பற்றி. உண்ணிக் கடியால் வரும் டிக் காய்ச்சலில் முக்கியமான எர்லிக்கியா பெரும்பாலும் கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தலை காட்டும். அப்படியென்றால் உங்கள் ட்ரெக்கிங்கில் ஏறிய உண்ணி குற்றவாளி இல்லாமல் போகலாம், தெருமுனையிலோ உங்கள் வீட்டுச் சுவர் இடுக்கிலோ முன்பே ஏறியதாக இருக்கலாம். நம் ஊரில் சாதாரணமாகக் காணும் பழுப்பு உண்ணிக்குக் காடே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். ஈறு வெளுத்திருக்கிறதா, மூக்கில் ரத்தம் வருகிறதா, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரம் பிடித்தால் மருந்தில் சரியாகிவிடும். அப்புறம், வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்கான உண்ணி மருந்தை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து உள்ளது பூனைக்கு விஷம்.

உண்ணியைத் தேடும் இடங்கள்: காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு, வாலடி. நான் பொம்மை செய்ய ஆரம்பித்த பிறகுதான் மிளகின் அக்குளில் முடி எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்தேன். அதைப் பார்க்கப் போய்த்தான் அங்கே உண்ணி ஒளிவதும் தெரிந்தது.

கம்பளி உருண்டையை நாய் தூக்கிக்கொண்டு ஓடி பாதியை விழுங்கிவிட்டது!
– வாசகர், மர்ஃபி டவுன்

கம்பளியில் ஆட்டு வாசனை இருக்கிறது, நாய்க்கு அது தின்பண்டம். நீங்கள் எழுதி நாளாகிவிட்டதால் இந்நேரம் வெளியே வந்திருக்கும் என்று நம்புகிறேன். வாந்தி, சாப்பிடாமல் இருப்பது, மலம் போகாதது இருந்தால் குடல் அடைத்திருக்கலாம், காத்திருக்கக் கூடாது. உள்ளே ஊசி முனை போயிருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் உடனே எக்ஸ்ரே. நான் உட்காரும்போது ஊசியை எண்ணுவேன், எழும்போதும் எண்ணுவேன். முறிந்தால் மற்ற துண்டு கிடைக்கும்வரை காந்தத்தால் தரையைத் தடவுவேன். மிளகுக்கு அந்த அறையில் அனுமதி இல்லை, கதவுக்கு வெளியே படுத்துப் பெருமூச்சு விடுவாள்.

என்னுடையது முதோல் நாய். சீவினால் சீப்பில் ஒன்றுமே வருவதில்லை.
– வாசகர், ஃபிரேசர் டவுன்

வராது, அது வேட்டை நாய், ஒட்டிய குட்டை முடி. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கும் இதே கதை. முழுக்க ஆட்டுக் கம்பளியில் செய்யுங்கள். அந்த மெல்லிய நீளக் காலுக்குள் கம்பி வைத்துச் சுற்றினால்தான் நிற்கும். குத்தி முடித்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. அவளும் செய்கிறேன் என்கிறாள்.
– ஓர் அம்மா, காக்ஸ் டவுன்

ஊசி வேண்டாம். அதே கம்பளியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் லட்டு பிடிப்பதுபோல் உருட்டச் சொல்லுங்கள், கால் மணியில் பந்தாகிவிடும். தரையெல்லாம் தண்ணீர் ஆகும், அது உங்கள் பாடு.

செய்து விற்கலாமா? என்ன விலை வைப்பது?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

நாலு அங்குல நாய் ஒன்று செய்ய எனக்குப் பதினைந்து மணி நேரம் ஆகிறது. கம்பளிச் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று நீங்களே முடிவு செய்து பெருக்கிப் பாருங்கள், வரும் தொகையைக் கேட்டு முதல் வாடிக்கையாளர் "கடையில் பொம்மை முன்னூறு ரூபாய்தானே" என்பார். குறைக்காதீர்கள். இரண்டாவது ஆள் தன் நாயின் முடியை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவருவார், அவர் பேரம் பேசமாட்டார்.