சக்கையில் சக்கை எடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது மாவு பிசைகிற தன் ஸ்டாண்ட் மிக்சரையும், பழம் வடிகட்டும் இணைப்பு ஒன்றையும் இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். தோட்டத்தில் கூழஞ்சக்கை விழுந்து வீணாகிறது. வரட்டி கிண்ட இதில் போட்டுக் கூழ் எடுக்கலாமா? (வாசகி, குலசேகரம்)

பதில்: எடுக்கலாம் அக்கா. ஆனால் அதற்கு முன்னால் ப்ளக்கைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. என் மருமகன் கொண்டுவந்த மிக்சரை ப்ளக் மட்டும் மாற்றிச் சொருகி, ஒரே ஒரு புகையோடு வழியனுப்பி வைத்தவள் நான். தப்பு முழுக்க என்னுடையதுதான். இப்போது வீட்டில் இருப்பது இரண்டாவது. வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் உங்களுடையதைச் சுவரில் சொருகவே வேண்டாம். மிக்சரின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். டிரான்ஸ்பார்மர் அதைவிட நல்ல கூடுதலாகத் தாங்குவதாக இருக்கட்டும்.

மற்ற மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குச் சக்கை என்றால் பலா. நீங்கள் பிழிந்து எறிவதைச் சக்கை என்பீர்கள். இந்தப் பதிலில் இரண்டும் வரும் என்பதால் எறிவதை நான் கோது என்றே சொல்லிவிடுகிறேன். கூழஞ்சக்கை என்றால் சுளை குழைந்து நாராக இருக்கும் பலா, வருக்கை என்றால் கெட்டிச் சுளைப் பலா. வரட்டி என்பது பலாக்கூழைக் கருப்பட்டியோடு சுருளக் கிண்டுகிற இனிப்பு, சாண வரட்டி அல்ல.

இந்த இணைப்பில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மிக்சர் தலையின் முன்பக்கத்து மூடியைத் திறந்தால் ஒரு ஓட்டை. இறைச்சி கொத்துகிற இணைப்பின் உடம்பு அதில்தான் ஏறும். உள்ளே ஒரு திருகு, முனையில் சல்லடைக் கூம்பு, கீழே ஒரு தட்டு. திருகு பழத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கூம்பின் சுவரோடு நசுக்கும். சதை துளை வழியாகக் கசிந்து தட்டில் வழியும். தோலும் விதையும் கூம்பின் நுனி வழியாக, தீபாவளிக்குக் கொளுத்துகிற பாம்பு மாத்திரை மாதிரி நெளிந்து நெளிந்து வெளியே வரும். இதைப் பார்ப்பதற்காகவே என் பேரன் ஸ்டூல் போட்டு ஏறி நிற்பான்.

இனி கூழஞ்சக்கை. போன ஆனியில் கொட்டையை மட்டும் எடுத்துவிட்டுச் சுளையை முழுசாகப் போட்டேன். மூன்றாவது கைப்பிடியிலேயே மோட்டார் சத்தம் மாறி முனக ஆரம்பித்தது. நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் திருகைச் சுற்றி நார், தும்புக்கயிறு முறுக்கி வைத்த மாதிரி இறுகிக் கிடக்கிறது. கத்தியால் நீளவாக்கில் கீறித்தான் உரித்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது: நார் எவ்வளவு நீளமோ அவ்வளவு சுற்றும். அதனால் சுளையைக் குறுக்கே, விரல் அகலத்துக்கும் குறைவாக நறுக்குங்கள். கால் தம்ளர் தண்ணீர் விட்டு மூடி, பத்து நிமிடம் வேகவிட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். என்னுடைய மிக்சரில் 4-ம் எண் வேகம்தான் இதற்குச் சரி. ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, மரக்கட்டையால் தள்ளுங்கள், விரலால் அல்ல. அப்படியும் ஒரு பெரிய சக்கைக்கு இரண்டு தடவையாவது கழற்றி நாரை எடுக்க வேண்டிவரும். அது பிடிக்காதவர்கள் பழையபடி அரிப்பில் (சல்லடையில்) தேய்க்கலாம், கை வலித்தால் என்னைத் திட்டக் கூடாது. சுளை வெட்டும்போது கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவ உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கிலோ கூழுக்கு முக்கால் கிலோ கருப்பட்டி என்பது என் கணக்கு. பழத்தின் இனிப்பைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியை உருக்கி வடிகட்டாமல் உருளியில் போட்டால் வரட்டியில் மண் கடிபடும். வருக்கைச் சக்கைக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். கத்தியால் பொடியாக நறுக்கி வேகவைத்து மசித்தாலே போதும்.

கேள்வி: தக்காளியை இதில் போட்டால் கோது ஈரமாகவே வருகிறது. பேசாமல் மிக்ஸியில் அரைத்துவிடலாமே? (வாசகி, குளச்சல்)

பதில்: மிக்ஸி விதையையும் சேர்த்து உடைக்கும், நாக்கில் லேசான கசப்பு தட்டும். இது விதையை உடைக்காமல் ஒதுக்கித் தள்ளுகிறது. காசு கொடுப்பது அந்த ஒரு வேலைக்காகத்தான். ஈரக் கோதை எறியாதீர்கள், மறுபடி அதே வாயில் போடுங்கள். இரண்டாவது தடவை வருகிற கூழ்தான் கெட்டி.

இன்னொன்று. தக்காளியை நறுக்கி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதை பேசப் போய்விடாதீர்கள். வெட்டுப்பட்டதுமே அதிலுள்ள நொதி, கூழைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிற பெக்டின் என்ற பொருளை உடைக்கத் தொடங்கிவிடும். பெக்டின் போனால் சாஸ் தண்ணீர் வேறு, கூழ் வேறு என்று பிரிந்து நிற்கும். நறுக்க நறுக்க, கொதிக்கிற பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். சூடு ஏறினால் அந்த நொதி அடங்கிவிடும். வடசேரி சந்தையில் விலை விழும்போது பெட்டியாக வாங்குகிறவர்கள் இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள்: தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். பத்து கிலோ வாங்கிவிட்டுப் பத்து பாட்டில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

கேள்வி: கொய்யா ஜெல்லி கண்ணாடி மாதிரி வராமல் கலங்கலாக வருகிறது. இணைப்பில் கோளாறா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: கோளாறு இல்லை மக்ளே, வேலைதான் மாறிப்போயிற்று. இது சதையை அழுத்தித் தள்ளுகிற சாமான். ஜெல்லிக்குச் சதையே வரக் கூடாது. வேகவைத்த கொய்யாவைப் பழைய துவர்த்தில் (துண்டில்) கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடு. பிழியாதே, பிழிந்தால் கலங்கும். சொட்டிய சாறு ஜெல்லிக்கு. துணியில் மிஞ்சியதை மிக்சரில் விட்டால் விதை ஒதுங்கி, கிண்டித் துண்டு போடுகிற கொய்யா அல்வாவுக்கான கூழ் கிடைக்கும்.

கேள்வி: புளி கரைக்க இதைப் பயன்படுத்தலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: கொட்டை எடுத்த புளி என்றால் ஊறவைத்துப் போடலாம். ஒரே ஒரு புளியங்கொட்டை மாட்டினாலும் கூம்பில் விரிசல் விழலாம். மாங்கொட்டைக்கும் அதே பதில்.

கேள்வி: எங்களிடம் வேறு கம்பெனி மிக்சர் இருக்கிறது. இந்த இணைப்பை மட்டும் வாங்கலாமா? (வாசகி, ஆரல்வாய்மொழி)

பதில்: ஒரு கம்பெனியின் வாய் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அதனால் உங்கள் மிக்சரின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் வாங்காதீர்கள். பல இணைப்புகளில் சல்லடைப் பகுதி தனி, திருகு போகும் உடம்பு தனி. இரண்டும் சேர்ந்து வருகிறதா என்றும் கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு கிலோ ஜாம் கிண்டுகிற வீட்டுக்கு ஓர் அரிப்பும் அகப்பையும் போதும் என்பேன். தோட்டம் வைத்திருப்பவர்கள், விற்பதற்குச் செய்பவர்கள் வாங்கினால் பிரயோஜனம் உண்டு.

வாங்கினால் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். போன மாதம் கொடுத்தது மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது, கூம்புக்குள் தக்காளித் தோல் காய்ந்து பப்படமாக ஒட்டியபடி. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே குத்திக் குத்தி ஒவ்வொரு துளையாகத் திறந்தேன். தட்டில் ஏறியிருந்த சிவப்புக் கறை தேங்காயெண்ணெய் தேய்த்த பிறகுதான் போயிற்று.