கிழங்குப் பூச்செடிகள்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

டுலிப் கிழங்கு வாங்கியிருக்கிறேன். நம் ஊர் வெயிலில் பூக்குமா?

அப்படியே நட்டால் இலை மட்டும் தலைகாட்டும், அல்லது அழுகிப்போகும். கிழங்குக்குள் மொட்டு தயாராகவே இருக்கிறது. ஆனால் தண்டு நீள, 2 முதல் 9 டிகிரி குளிரில் 12 முதல் 16 வாரம் கிடக்க வேண்டும். கேமரன் மலையிலேயே அவ்வளவு குளிர் நிலைப்பதில்லை. எனவே துளையிட்ட காகிதப் பையில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். எடுத்ததும் தொட்டியில் நட்டு, வீட்டிலேயே மிகக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். ஒருமுறை பூத்தால் அதோடு சரி.

அமரில்லிஸில் இலைதான் வருகிறது, பூவே இல்லை.

டுலிப்புக்குக் குளிர் எப்படியோ, இதற்கு வறட்சி அப்படி. நம் ஊரில் மழை நிற்காததால் செடிக்கு ஓய்வே கிடைப்பதில்லை. தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தி, 8 முதல் 10 வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். இலை தானாக மஞ்சளாகிக் காயட்டும், பச்சையாக வெட்டாதீர்கள்.

பிறகு 2 பங்கு மண், 1 பங்கு ஆற்று மணல், 1 பங்கு மக்கிய உரம் கலந்து, கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும்படி நடுங்கள். முழுக்கப் புதைத்தால் கழுத்தில் நீர் தேங்கி அழுகும். தொட்டியில் கிழங்கைச் சுற்றிலும் 3 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். ஒருமுறை நன்றாக நீர் ஊற்றி, முளை தெரியும்வரை பொறுங்கள். செம்பனைக்குப் போக மிச்சமான யூரியாவை இதற்குப் போடாதீர்கள்: தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும். காலை வெயில் கட்டாயம் படவேண்டும். எலுமிச்சை அளவுக் கிழங்கு என்ன செய்தாலும் இப்போதைக்குப் பூக்காது, வளரவிடுங்கள்.

மழை லில்லி?

இரண்டு வாரம் காயவிட்டு, ஒரே நாளில் தாராளமாக நீர் ஊற்றுங்கள். சில நாளில் மொட்டு வரும்.

வெள்ளைச் சிலந்தி லில்லியின் இலையை ஏதோ அரிக்கிறது.

இலையைத் திருப்பிப் பாருங்கள்: கறுப்புடம்பில் வெளிர்நிறப் பட்டைகள் உள்ள புழுக்கள் கூட்டமாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் உதறிவிடுங்கள். முட்டைக் கொத்தையும் கிள்ளியெறியுங்கள். விட்டுவைத்தால் இலைக்குள் துளைத்துக் கிழங்குவரை இறங்கிவிடும். துளைபட்ட இலையை அடியோடு வெட்டி எரித்துவிடுங்கள்.

தோண்டிய கிழங்கை எங்கே வைப்பது?

காற்றோட்டமுள்ள நிழலில், பெயரெழுதிக் கட்டி வையுங்கள். வெங்காயக் கூடைப் பக்கமே போகக்கூடாது. அமரில்லிஸ், சிலந்தி லில்லிக் கிழங்குகள் பார்வைக்கு வெங்காயம்தான். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிரிட்ஜில் வைத்த டுலிப் பையின் மீதும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.