எம்ஜிபி டைமிங்: டிஸ்ட்ரிபியூட்டரை இப்போதே திருப்பாதீர்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் வழியில் பாலம் ஏறினால் உங்கள் எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இன்ஜின் தட்டுகிறது, டைமிங் லைட்டில் (தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) புல்லியின் குறி நிற்காமல் ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) இருக்கும் பாயிண்ட் (திறந்து மூடும் மின்தொடர்பு) இடைவெளியைப் பாருங்கள். லூகாஸ் 25டி4 மாடல் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் 0.35 முதல் 0.40 மி.மீ. இது மாறினால் டைமிங்கும் கூடவே மாறும்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, நடுவில் சுழலும் ரோட்டரை அது சுற்றும் பக்கமாக (எம்ஜிபியில் இடஞ்சுழி) விரலால் திருப்பி விடுங்கள். டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். என் வண்டியில் பாதி வழியில் நின்றது. திறந்தால் உள்ளே, வேகம் கூடக் கூட டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் இரண்டிலும் செந்துரு. நம் ஊர் உப்புக்காற்று அப்படி. சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது. ஷாஃப்டைப் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள், புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருந்தாலும் குறி ஆடும்.

இதெல்லாம் சரி என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ரேடியேட்டர் பக்கத்து முதல் பிளக் வயரில் லைட்டை மாட்டுங்கள். புல்லியில் உள்ள வெட்டில் சாக்பீஸ் தடவினால் வெயிலிலும் தெரியும். டைமிங்கைக் குறைக்க (தீப்பொறியைத் தாமதப்படுத்த), டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுற்றும் பக்கமே மயிரிழை திருப்புங்கள். ரப்பர் வளையம் உள்ள புல்லியாக இருந்தால் வெளி வளையம் நழுவியிருக்கலாம். முதல் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, குறி பொருந்துகிறதா என்று அவசியம் பாருங்கள்.