பணியாளர்களுக்கு அதிகாரம் கொடுத்தால் வேலை உண்மையிலேயே நன்றாக நடக்குமா?

நடக்கும். ஆனால் "நீங்களே முடிவெடுங்க" என்று சொல்லிவிட்டு, தப்பானதும் கைகழுவுகிற ஆளிடம் நடக்காது. நீங்கள் அநேகமாக ஐடியில் இருப்பீர்கள். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருடம் லைன் சூப்பர்வைசர்.

ஒரு டீஷர்ட் ஆர்டர். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டை) ஒரு ஷேடு, உடம்புத் துணி ஒரு ஷேடு. ட்யூப்லைட்டில் தெரியாது, ஜன்னல் பக்கம் பிடித்தால் பளிச்சென்று தெரியும். ஓவர்லாக் தையல் மிஷினில் கழுத்து ஏற்றிய அக்கா முதல் பண்டிலிலேயே பார்த்துவிட்டார், ஆனாலும் தைத்துக்கொண்டே போனார். பிறகு கேட்டபோது, "நமக்கெதுக்குங்க தம்பி" என்றார். அதற்கு முந்தைய மாதம் வாயைத் திறந்ததற்கு எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தார். திட்டியது நான்தான். 900 பீஸைப் பிரித்துத் தைத்தோம்.

அப்புறம் வந்த புரொடக்‌ஷன் மேனேஜர், கோளாறு தெரிந்தால் மிஷினை நிறுத்திக் கையைத் தூக்குங்கள், யாரையும் கேட்க வேண்டாம் என்றார். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982ல் மூடிய கார் ஆலையை, 1984ல் டொயோட்டாவோடு சேர்ந்து திறந்த கதையை அடிக்கடி சொல்வார். பெரும்பாலும் அதே பழைய ஆட்கள்தான். ஆனால் இந்தத் தடவை, கோளாறு தெரிந்தால் தொழிலாளியே அதற்கென்று இருந்த கயிற்றை இழுத்து லைனையே நிறுத்த முடிந்தது. வேலைக்கு வராதவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, கார்களின் தரமும் ஏறியது.

எங்கள் லைனில் யாரும் நம்பவில்லை. மூன்றாவது வாரம் அதே அக்கா கையைத் தூக்கினார். ஊசி முனை மழுங்கி, தையலோரம் பொடி ஓட்டைகள். துணியை இழுத்துப் பிடித்தால்தான் தெரியும். ஷிப்மென்ட் நாள் வேறு, லைன் நாற்பது நிமிடம் நின்றது. முதலாளி கத்தினார். "நான் சொல்லித்தான் நிறுத்துனாங்க" என்றார் மேனேஜர். எல்லாருக்கும் கேட்டது.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுத் திங்கள் லீவு போடுவது எங்கள் ஊரில் சகஜம். அதற்குப் பிறகு எங்கள் லைனில் திங்கட்கிழமை காலி மிஷின்கள் குறைந்தன. ஷேடு, ஊசி, நூல் என்று அவர்களாகவே வந்து சொன்னார்கள்.

கூலியை ஏற்றாமல் அதிகாரம் மட்டும் போதுமா என்று சண்டைக்கு வராதீர்கள். போதும் என்று நான் சொல்லவில்லை. ஆளாளுக்குப் பேட்டர்ன் அளவை மாற்றலாம் என்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. இப்படிப் பொறுப்பாக வேலை பார்த்தவர்களைக் கம்பெனி வேன் இரவு ஒன்பதரைக்கு மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து ஊருக்கு ஒரு கிலோமீட்டர், தெருவிளக்கு கிடையாது. நான் இருந்தவரைக்கும் மாதாமாதம் மீட்டிங்கில் கேட்டேன். வேன் ஊருக்குள் போகவேயில்லை.